வீடு விற்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இதுவரை விற்றது இரண்டு வீடு. வாங்குவதற்காக ஏறி இறங்கியவை நாற்பதைத் தாண்டும். விற்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்த நாற்பதில் கற்றதுதான். வீட்டுக்காரர்கள் எதைக் கவனிக்காமல் விட்டார்கள், நான் எந்த இடத்தில் நின்று மனதுக்குள் விலையைக் குறைத்தேன், எந்த வீட்டை வாசலிலேயே வேண்டாம் என்று தள்ளினேன் என்பதெல்லாம் இன்னும் நினைவிருக்கிறது. வீட்டை விற்க நினைக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது வீட்டுக்கு நல்ல கிராக்கி. இருக்கிறபடியே விட்டாலும் விற்றுவிடுமே, எதற்கு மெனக்கெட வேண்டும்?

விற்றுவிடும்தான். ஒரே ஒருவர் வந்து கேட்டு விற்கிறதா, நான்கு பேர் போட்டி போட்டு விற்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான்கு பேர் இருந்தால் பேரத்தில் உங்கள் கை ஓங்கும்.

கிராக்கி இருக்கும்போது வாங்குபவர் அவசரத்தில் இருப்பார். இருபது நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு அன்று இரவே முடிவு சொல்ல வேண்டிய நிலை. அவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் அதைத் தீர்த்துக்கொள்ள நேரம் கிடையாது. விலையில் கழித்துக்கொள்வார், அல்லது அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். விற்பவர்கள் கூட்டமாக இருக்கும் சந்தையில் கதை வேறு. வாங்குபவர் கையில் பத்து வீட்டுப் பட்டியல் இருக்கும், எதை அடித்துவிடலாம் என்று காரணம் தேடிக்கொண்டே வருவார். எந்தச் சந்தையானாலும் உங்கள் விலையைத் தின்பது சந்தேகம்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். காரில் என்ன கோளாறு என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல காருக்கும் பயத்தைக் கழித்த விலையைத்தான் கேட்பார்கள். இந்த ஆய்வுக்காக 2001-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. வீட்டுக்கும் அது அப்படியே பொருந்தும். வீட்டைத் தயார் செய்வது என்றாலே பலர் அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், வந்து பார்ப்பவர் மனதில் எழக்கூடிய சந்தேகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும் வேலை அது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

தெருவிலிருந்து. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வெளியே போய், வீடு பார்க்க வந்தவர்போலத் திரும்பி வாருங்கள். அழைப்பு மணியை நீங்களே அழுத்துங்கள். கதவு திறக்கும்வரை வாசலில் நின்று என்ன கண்ணில் படுகிறது என்று பாருங்கள். வாங்க வந்தவர் அந்த அரை நிமிடம் சும்மாதான் நிற்பார். துருப்பிடித்த கீல், ஒட்டடை, உடைந்த மிதியடி எல்லாவற்றையும் அப்போது எண்ணி முடித்துவிடுவார்.

அப்புறம் ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுங்கள். வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய கண் பலவற்றைத் தாண்டிப் போய்விடும், படம் தாண்டாது. என் முதல் வீட்டு வரவேற்பறைச் சுவரில், நாற்காலி முதுகு உரசி உரசி ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புக் கோடு இருந்தது. ஐந்து வருடம் அதன் எதிரேதான் தினமும் உட்கார்ந்திருந்தேன். படத்தில் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

எவ்வளவு நாள் முன்னால் தொடங்க வேண்டும்?

இரண்டு மாதம் இருந்தால் வசதி. நாளைவிட வரிசைதான் பெரிது. முதலில் தண்ணீர்க் கசிவு, அடுத்து மரவேலையும் மின்வேலையும், பிறகு பெயின்ட், பிறகு சுத்தம், கடைசியில் புகைப்படம். வரிசை மாறினால் புதுப் பெயின்ட் அடித்த சுவரை உடைத்துக் குழாய் பார்க்க வேண்டி வரும்.

சுவரில் ஈரக்கறை இருக்கிறது. மேலே பெயின்ட் அடித்துவிட்டால் போதாதா?

போதாது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த வீடுகளில் அதிகமாக மறைக்கப்பட்டதும் அதிகமாக மாட்டிக்கொண்டதும் இதுதான்.

ஒரு வீட்டில் எல்லா அறையும் பழைய நிறம், படுக்கையறையின் ஒரு சுவர் மட்டும் பளிச்சென்று புது நிறம். என்னோடு வந்த மாமா ஒன்றும் பேசவில்லை. நேராக அந்தச் சுவருக்குப் போய், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சில்லென்று இருந்திருக்கிறது. விரல் கணுவால் தட்டினார், பொத்தென்று சத்தம் வந்தது. அவ்வளவுதான், மாடியைப் பார்க்காமலே கிளம்பிவிட்டோம். சுவர் பழையபடியே கறையோடு இருந்திருந்தால் "இது ஏன்?" என்று கேட்டிருப்போம். மறைத்ததால் கேட்கவே தோன்றவில்லை.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும்; மேலே போகப் போகக் குறையும். குழாய்க் கசிவு என்றால் கறை ஒரே இடத்தில் இருக்கும், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாது. கூரை அல்லது வெளிச்சுவர் வழியாக வருவது மழைக்குப் பின் பெருகும். மூன்றும் இல்லாமல், அறைக்காற்றில் இருக்கும் ஈரமே குளிர்ந்த சுவரில் படிவதும் உண்டு. பிரித்தறிய எளிய வழி ஒன்று: ஒரு பிளாஸ்டிக் தாளை ஒரு சாண் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரம் படிந்தால் அது அறைக்காற்றின் ஈரம். காற்றோட்டம் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாளுக்கு உள்பக்கம் ஈரம் என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

சுவரில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பது உப்பு. செங்கல்லிலும் சிமென்டிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவந்து, தான் ஆவியாகிப் போனபின் அதை அங்கேயே விட்டுவிடுகிறது. அதன் மேல் பெயின்ட் அடித்தால் சில வாரத்தில் கொப்புளம் கிளம்பும். அது வீடு பார்க்க ஆட்கள் வரும் வாரமாகவும் அமையலாம். கசிவை நிறுத்தி, உப்பைக் காய்ந்த தூரிகையால் தேய்த்து எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்ட பிறகுதான் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். நனைந்த சுவர் ஒரு அங்குலக் கனம் காய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பது கட்டட வேலையில் பழைய கணக்கு. அவ்வளவு நேரம் இல்லை என்றால், கசிவைச் சரிசெய்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, கறையை அப்படியே விட்டுவிடுங்கள். "காரணம் இது, இந்தத் தேதியில் சரி செய்தோம், சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லலாம். கேட்பவர் நம்புவார்.

சின்னச் சின்ன ரிப்பேர்களை வாங்குபவரே பார்த்துக்கொள்ள மாட்டாரா?

பார்த்துக்கொள்வார், ஆனால் இலவசமாக அல்ல. ஆடும் தாழ்ப்பாளை முறுக்க ஒரு ஸ்க்ரூடிரைவரும் இரண்டு நிமிடமும் போதும். வீடு பார்க்க வந்தவர் கையில் அது ஆடினால், "கண்ணுக்குத் தெரிவதையே இப்படி வைத்திருக்கிறார்கள், தெரியாதது எப்படி இருக்கும்" என்று யோசிப்பார். அந்த யோசனைக்குக் கழிக்கும் தொகை பெரியது.

மனிதர்கள் கையால் தொடும் இடங்களை முதலில் பாருங்கள்: கதவுக் கைப்பிடி, சுவிட்ச், குழாய், ஜன்னல் கொக்கி, இழுப்பறை. சொட்டும் குழாயில் பெரும்பாலும் வாஷர் மாற்றினால் போதும். கழிப்பறைத் தொட்டி கசிகிறதா என்று பார்க்க, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் வண்ணம் கலந்து அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் கசிவு இருக்கிறது. தண்ணீர் மீட்டர் இருக்கும் வீடு என்றால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அளவைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மின்கசிவைத் தடுக்கும் பிரேக்கரில் சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உடனே விழ வேண்டும். வாங்குபவர் கூட்டிவரும் ஆள் அழுத்திப் பார்ப்பதற்கு முன் நீங்களே அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

சமையலறையை முழுசாக மாற்றிவிட்டால் விலை கூடுமா?

கூடும், ஆனால் நீங்கள் போட்ட அளவுக்குப் பெரும்பாலும் கூடாது. உங்கள் ரசனையில் போட்ட கல்லை வாங்குபவர் வந்த முதல் மாதமே பெயர்த்து எடுக்கலாம். இழுப்பறைக் கைப்பிடிகளை மாற்றுவது, கீல்களை நேராக்குவது, தொட்டியைச் சுற்றிக் கறுத்துப்போன சிலிக்கானைச் சுரண்டி எடுத்துப் புதிதாக வைப்பது, டைல்ஸ் இடுக்கைச் சுத்தம் செய்வது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை செய்யாத பொருள் இருந்தால் மாற்றுங்கள். பழையதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

என்ன நிறம் அடிக்கலாம்?

வெள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் எதுவும். நிறத்தைவிட நேரம் முக்கியம். தண்ணீர் கலக்கும் பெயின்ட் ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் முழுசாக இறுகச் சில வாரம் எடுக்கும். வாடையும் சில நாள் நிற்கும். வீட்டைக் காட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். வீடு மிகப் பழையது என்றால் ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டுக்கு அது 1978-ல் தடை செய்யப்பட்டது, பல நாடுகளில் தடை வந்தது அதற்கும் பிறகு. அப்படிப்பட்ட சுவரை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் கண்டிப்பாகக் கூடாது.

சுத்தம் செய்வதில் கவனிக்க வேண்டியது?

சுத்தம் செய்யுங்கள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எதை எதோடு கலக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன். பிளீச்சையும் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது விஷம். பளிங்குத் தரையில் அமிலம் எதுவும் படக்கூடாது. வினிகர்கூடப் பளபளப்பைத் தின்றுவிடும், ஏனென்றால் பளிங்கு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. விற்கப்போகும் வாரத்தில் தரையைக் கெடுத்துக்கொண்டவரை எனக்குத் தெரியும். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

வாசனைக்கு ஏதாவது தெளிக்கலாமா?

வேண்டாம். தூக்கலான நறுமணம் மூக்கில் ஏறியதும் "எதை மறைக்கிறார்கள்?" என்றுதான் எனக்குத் தோன்றியிருக்கிறது. உங்கள் வீட்டு வாடை உங்களுக்குத் தெரியாது. ஒரே மணத்தில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதைப் பதிவு செய்வதை நிறுத்திவிடும். இரண்டு நாள் வெளியூர் போய்விட்டு வந்து, கதவைத் திறந்த முதல் மூச்சில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். இல்லாவிட்டால் ஒளிவுமறைவில்லாமல் பேசும் நண்பர் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஈரத்துணி, வளர்ப்புப் பிராணி, சிகரெட், காய்ந்துபோன வடிகால், இவைதான் வழக்கமான காரணங்கள். வடிகாலின் வளைவில் தண்ணீர் நின்று சாக்கடை வாடையைத் தடுக்கிறது. புழங்காத குளியலறையில் அது வற்றிப்போகும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

சாமான்களை எவ்வளவு குறைப்பது? காலி வீடாகக் காட்டுவது நல்லதா?

முற்றிலும் காலியான அறை, படத்தில் எவ்வளவு பெரியது என்றே தெரியாது. கட்டில் ஒன்று கிடந்தால் "இங்கே கட்டில் போட்டும் நடக்க இடம் இருக்கிறது" என்று புரியும். அதனால் பெரிய சாமான்கள் இருக்கட்டும், மற்றவற்றில் பாதியை வெளியேற்றுங்கள். அலமாரிகளைக் கண்டிப்பாகத் திறந்து பார்ப்பார்கள். பிதுங்கி வழிந்தால் "இந்த வீட்டில் இடம் போதாது" என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. எடுத்த பெட்டிகளை ஒரு அறையில் அடுக்கிக் கதவைச் சாத்துவது வேண்டாம். சாத்திய கதவைப் போலச் சந்தேகம் கிளப்புவது வேறில்லை. உறவினர் வீட்டிலோ வாடகைக் கிடங்கிலோ வையுங்கள்.

குடும்பப் படங்களை எடுத்துவிடச் சொல்வார்கள். எனக்கு இதில் அவ்வளவு உறுதி இல்லை. ஒன்றிரண்டு இருப்பதால் யாரும் ஓடிவிடவில்லை. ஆனால் மருந்து, வங்கிக் கடிதம், நகை, சாவிக்கொத்து இவை வெளியில் இருக்கக்கூடாது.

புகைப்படம் போனில் எடுத்தால் போதுமா?

பொறுமை இருந்தால் போதும். பகலில், எல்லாத் திரைச்சீலையும் விலக்கி எடுங்கள். போனைப் படுக்கவாட்டில், நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். தலைக்கு மேல் தூக்கினால் தரை மட்டும் விரியும். சுவர் ஓரங்கள் படத்தில் செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்ந்தால் வீடே சாய்ந்த மாதிரி தெரியும். மிக அகலமாக எடுக்கும் லென்ஸ் அறையை நீட்டிக் காட்டும். படத்தில் பெரிய அறையைப் பார்த்து வந்தவர் நேரில் சின்ன அறையைப் பார்த்தால் ஏமாந்த முகத்தோடுதான் மீதி வீட்டைச் சுற்றுவார்.

ஒரு அறையில் மஞ்சள் பல்பும் வெள்ளைப் பல்பும் கலந்திருந்தால் படம் கெட்டுவிடும். பல்பு அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருந்தால் இளமஞ்சள், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. ஏதாவது ஒன்றை வீடு முழுக்கப் போடுங்கள். படங்களோடு அளவு போட்ட வரைபடம் ஒன்றும் கொடுங்கள். பரப்பைச் சொல்லும்போது சுவர் சேர்த்தா, சேர்க்காமலா என்று குறிப்பிடுங்கள். சதுர மீட்டரை 10.764-ஆல் பெருக்கினால் சதுர அடி.

விலையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லி, பிறகு இறங்கி வரலாமா?

எல்லோரும் கேட்பது இதுதான். என் முதல் வீட்டில் இதைத்தான் செய்தேன், நான்கு மாதம் போனது. விளம்பரம் புதிதாக இருக்கும் முதல் சில வாரங்களில்தான் ஆட்கள் அதிகம் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் விலை கூடுதல் என்று ஒதுக்கியவர்கள் நீங்கள் இறங்கி வந்த பிறகு திரும்பி வருவது அரிது. புதிதாக வருபவரோ, "இவ்வளவு நாளாக ஏன் போகவில்லை?" என்று கேட்பார். மறுபடியும் சந்தேகம்.

நம் பொருளுக்கு நாமே அதிக மதிப்புப் போடுவது மனித இயல்பு. கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் கோப்பை ஒன்றைக் கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் கொடுக்க முன்வந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே அந்தப் பாசம் என்றால், குழந்தை நடை பழகிய கூடத்துக்கு என்ன விலை சொல்வோம்? அதனால் உங்கள் மனதைக் கேட்காதீர்கள். பக்கத்தில் சமீபத்தில் உண்மையிலேயே விற்று முடிந்த வீடுகளின் விலையைப் பாருங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை மற்ற விற்பவர்களின் ஆசை மட்டுமே.

வீட்டில் உள்ள குறையை நானாகச் சொல்ல வேண்டுமா?

எதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்ற சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அதை உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் கேளுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன். நீங்கள் சொன்னால் அது தகவல், அவர் கண்டுபிடித்தால் அது குற்றச்சாட்டு. முன்பணம் கொடுத்த பிறகு கண்டுபிடித்தால் இன்னும் மோசம்.

ஒரு கோப்பில் பத்திர நகல், வரி ரசீது, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், ரிப்பேர் ரசீதுகள், உத்தரவாத அட்டைகள், ஒரு வருட மின் கட்டண விவரம் எல்லாவற்றையும் போட்டு மேசைமேல் வையுங்கள். இரண்டாவது வீட்டை வாங்கியவர் என்னிடம் பிறகு சொன்னார்: கூடத்தையோ மாடியையோ பார்த்து அவர் முடிவு செய்யவில்லையாம். கூரைக்கு நீர்த்தடுப்புப் பூச்சு செய்த ரசீதைப் பார்த்த இடத்தில்தான் மனம் ஒப்பியது என்றார்.

ஆட்கள் பார்க்க வரும்போது நான் கூட இருக்கலாமா?

தரகர் இருந்தால் நீங்கள் வெளியே போய்விடுங்கள். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தால் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள், அலமாரியைத் திறக்கவும் கூசுவார்கள். தரகர் இல்லை என்றால் கதவைத் திறந்துவிட்டு ஒரு இடத்தில் உட்கார்ந்திருங்கள். கேட்டால் பதில் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர் வரும்போது வீட்டில் தனியாக இருக்க வேண்டாம்.

மூன்று பேர் விலை சொல்லியிருக்கிறார்கள். அதிகம் சொன்னவருக்கே கொடுத்துவிடலாமா?

தொகையை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971-ல் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள்: ஏலத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் பொருளின் மதிப்பை அதிகமாகக் கணக்குப் போட்டவர். வீட்டிலும் அப்படித்தான். உச்ச விலை சொன்னவர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்துவிட்டு, பின்வாங்குவார். அல்லது சோதனை அறிக்கையைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்வார். அதற்குள் மற்ற இருவரும் வேறு வீடு பார்த்திருப்பார்கள்.

அதனால் ஒவ்வொருவரிடமும் நான்கு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணம் கையில் இருக்கிறதா, கடனா. கடன் என்றால் வங்கி எந்த அளவுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. தன் பழைய வீட்டை விற்றால்தான் வாங்க முடியுமா. எந்தத் தேதிக்குள் முடிப்பார். நான் இரண்டாவது வீட்டை, அதிகம் சொன்னவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவருக்குத்தான் கொடுத்தேன். மற்றவர்களிடம் மறுத்துச் சொன்னபோதும் போன் எண்ணை அழிக்காமல் வைத்திருந்தேன். கையெழுத்தாகிப் பணம் கைக்கு வந்த அன்று மாலைதான் அழித்தேன்.